லிமிட் மேசைகளை மூடிவிடலாமா?

வாசகர் கேள்வி: கேசினோ ஒன்றின் போக்கர் அறைக்குப் பொறுப்பேற்று நான்கு மாதங்கள் ஆகின்றன. எங்களிடம் பத்து மேசைகள் உள்ளன. ஆறில் 4-8 லிமிட் ஆட்டமும் (பந்தயத் தொகை முன்பே வரையறுக்கப்பட்டது) நான்கில் 1-2 நோ-லிமிட் ஆட்டமும் (கையிருப்பு முழுவதையும் பந்தயமாக வைக்கலாம்) நடக்கின்றன. பத்தையும் நோ-லிமிட் ஆக்கிவிடும்படி நிர்வாகம் சொல்கிறது. பாட், அதாவது மேசை நடுவில் சேரும் பந்தயப் பணம், பெருத்தால் வருமானமும் பெருகும் என்பது அவர்கள் வாதம். பல ஆண்டுகளாக வந்துபோகும் வாடிக்கையாளர்களோ, லிமிட்தான் பாதுகாப்பான ஆட்டம், அதை எடுத்துவிட்டால் இந்தப் பக்கமே வரமாட்டோம் என்கிறார்கள். நான் எதைப் பரிந்துரைப்பது? நிர்வாகம் பிடிவாதமாக நின்றால் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கேசினோ விடுதிக்கு எந்த ஆட்டம் லாபம் என்றும், ஆட வருபவருக்கு எந்த ஆட்டம் குறைந்த தீங்கு என்றும் இரண்டு கேள்விகளை உங்கள் கடிதம் ஒருசேரக் கேட்கிறது. போக்கர் அறைகளில் முதலில் சீட்டுப் போடும் டீலராகவும் பின்னர் மேற்பார்வையாளராகவும் நெடுங்காலம் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டுக்கும் விடை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வந்து உட்காருபவரின் பணம் அவர் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பாருங்கள். நோ-லிமிட்டை நீங்கள் தயங்காமல் நடத்தலாம். ஆனால் அதில் எவ்வளவு பணத்தோடு உட்காரலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்க வேண்டும். லிமிட் மேசைகளை முழுவதுமாக மூடவும் கூடாது. இதுதான் என் பரிந்துரை. காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிர்வாகத்தின் முன் நீங்கள் வைக்க வேண்டியவை அவைதான்.

உங்கள் 4-8 மேசையில் ஒருவர் ஒரே ஆட்டத்தில், அதாவது ஒருமுறை சீட்டுப் போட்டு முடிவதற்குள், அதிகபட்சம் எவ்வளவு இழக்க முடியும் என்பதைக் கணக்கிடுங்கள். முதல் இரண்டு சுற்றுகளில் பந்தயம் 4, கடைசி இரண்டு சுற்றுகளில் 8. சுற்றுக்கு ஒரு பந்தயமும் அதே அளவில் அதை உயர்த்தும் மூன்று ரெய்ஸும்தான் என்ற வழக்கமான விதி உங்கள் அறையிலும் இருக்குமானால், 16, 16, 32, 32 என்று மொத்தம் 96. எவ்வளவு மோசமாக ஆடினாலும், எவ்வளவு கோபத்தில் ஆடினாலும், அந்த ஆட்டத்தில் அவர் கையைவிட்டுப் போவது 96-ஐத் தாண்டாது; நான்கு சுற்றிலும் உச்சம்வரை ஏறுவது அபூர்வம் என்பதால் நடைமுறையில் அதில் பாதிகூடப் போகாது. 1-2 நோ-லிமிட் மேசையில் 200-உடன் உட்கார்ந்தவர், ‘ஆல்-இன்’ (இருப்பது அனைத்தும் பந்தயம்) என்ற ஒரே சொல்லில் 200-ஐயும் இழந்துவிடலாம். அங்கே 1, 2 என்பவை ஆட்டத் தொடக்கத்தில் இருவர் கட்டாயமாக வைக்கும் ‘பிளைண்ட்’ தொகைகள் மட்டுமே. இரு மேசைகளின் பெயர்ப்பலகையை மட்டும் பார்ப்பவருக்கு 1-2 என்பது 4-8-ஐவிடச் சிறிய ஆட்டமாகத் தோன்றும். புதிதாக வருபவர்கள் ஏமாந்துபோகும் முதல் இடம் இதுதான்.

இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. ஒருவர் கையிலும் மேசையிலுமாக நான்கு ஹார்ட்டின் சீட்டுகள் சேர்ந்துவிட்டன, ஐந்தாவது ஹார்ட்டின் வந்தால் வெற்றி, மேசையில் திறக்க இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். அவர் கண்ணில் படாத 46 சீட்டுகளில் 9 சீட்டுகள் அவருக்கு வெற்றி தரும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு. பாட்டில் 48 இருக்கிறது. லிமிட் மேசையில் எதிராளி போடக்கூடியது 8 மட்டுமே. 56-ஐ வெல்ல 8 கட்டினால் போதும் என்பதால் அவர் பின்தொடர்வது சரியான முடிவு, சராசரியாக 4 அல்லது 5 லாபமும் உண்டு. அதே சீட்டு, அதே பாட், ஆனால் நோ-லிமிட் மேசை: எதிராளி 48-ஐ முழுதாகத் தள்ளுகிறார். இப்போது 96-ஐ வெல்ல 48 கட்ட வேண்டும். பின்தொடர்ந்தால் சராசரியாக 20 அளவுக்கு நஷ்டம். சீட்டு வரும் என்ற ஆசை இரண்டு மேசைகளிலும் ஒன்றுதான். ஒரு மேசையில் அந்த ஆசை கணக்கோடு ஒத்துப்போகிறது, மற்றதில் அதுவே அவருடைய பணப்பையைத் திறந்துவிடுகிறது. ஆசையோடு பின்தொடர்வதே அரைகுறையாக ஆடுபவரின் இயல்பு. லிமிட் அந்த இயல்பை மன்னிக்கிறது, நோ-லிமிட் மன்னிப்பதில்லை.

நன்றாக ஆடுபவர்கள் லிமிட்டைக் குறை சொல்வதற்கும் இதே காரணம்தான். ஏஸ் ஜோடியோடு ஒரே ஒருவரை எதிர்த்தால் ஏறத்தாழ 85 விழுக்காடு வெற்றி. ஒன்பது பேர் விலகாமல் கடைசிவரை நின்றால் அது 31 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். லிமிட் மேசையில் 4 கட்டி உள்ளே வருபவர்களை விரட்ட வழியில்லை. ‘நல்ல கையைக் காப்பாற்ற முடியவில்லையே’ என்று அவர்கள் புலம்புவதில் நியாயம் உண்டு. பந்தயத்தின் அளவையே பேச்சாக்கி எதிராளியின் மனத்தைப் படிப்பது, அவருக்குப் பொய்க்கதை ஒன்றைச் சொல்லி நம்பவைப்பது, முழுப் பணத்தையும் தள்ளி அவரை யோசிக்க வைப்பது ஆகிய எல்லாம் சேர்ந்த நோ-லிமிட், திறமைக்கு விரிந்த களம் தரும் அருமையான ஆட்டம் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அதனால்தான் அதை நடத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இனி உங்கள் நிர்வாகத்தின் வாதத்துக்கு வருகிறேன். பாட் பெருத்தால் வருமானம் பெருகும் என்பது, ரேக், அதாவது பாட்டிலிருந்து விடுதி எடுக்கும் பங்கு, எப்படி எடுக்கப்படுகிறது என்பதைக் கவனிக்காமல் சொல்லப்படுவது. பெரும்பாலான அறைகளில் பாட்டில் பத்து விழுக்காடு போல ஒரு பங்கும், அதற்கு மேல் ஓர் உச்சவரம்பும் இருக்கும். அந்த வரம்பு 5 என்றால், 50 சேர்ந்த பாட்டிலிருந்தும் 600 சேர்ந்த பாட்டிலிருந்தும் விடுதி எடுப்பது அதே 5-தான். நேரக் கட்டணம் வாங்கும் அறைகளில் பாட்டின் அளவுக்கும் வருமானத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. போக்கரில் விடுதி யாருக்கும் எதிராக ஆடுவதில்லை. மேசையை வாடகைக்கு விடுகிறது, அவ்வளவுதான். ஆகவே மணிக்கு எத்தனை ஆட்டங்கள் நடந்தன, எத்தனை நாற்காலிகள் நிறைந்திருந்தன என்பவைதான் வருமானம். நோ-லிமிட்டில் பெரிய முடிவு வரும்போது ஒருவர் இரண்டு நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டு யோசிப்பார். ஆல்-இன் வந்தால் டீலர் சிப் அடுக்குகளை எண்ண வேண்டும், ஆல்-இன் ஆனவருக்குப் பங்கில்லாத பணத்தைத் துணைப் பாட்டாகப் பிரிக்க வேண்டும். லிமிட் மேசையில் பந்தயத் தொகை முன்பே தெரியும் என்பதால் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு சிறு கணக்கையும் அவர்கள் முன் வையுங்கள். ஒன்பது பேர் ஆளுக்கு 200-உடன் உட்கார்ந்தால் மேசையில் 1,800. மணிக்கு 30 ஆட்டங்கள், ஆட்டத்துக்குச் சராசரியாக 4 ரேக் என்றால் மணிக்கு 120 வெளியேறுகிறது. எல்லோரும் சம திறமை உள்ளவர்களாகவே இருந்தாலும் 15 மணி நேரத்தில் அந்த 1,800 முழுவதும் விடுதியின் பெட்டிக்குப் போய்விடும். அப்படியானால் விடுதிக்கு வேண்டியது என்ன? பணம் மேசையில் தங்க வேண்டும், சுற்றிச் சுற்றி வர வேண்டும். லிமிட்டில் அது சுற்றுகிறது. நோ-லிமிட்டில் இரண்டு மூன்று திறமைசாலிகளின் முன்னால் விரைவில் குவிந்து, அவர்கள் எழுந்து போகும்போது கூடவே போய்விடுகிறது. புதியவர்கள் வரிசையில் காத்திருக்கும்வரை இது வெளியே தெரியாது. வரிசை வற்றியதும் தெரியும்.

அப்படியொரு வரிசை எங்கிருந்து வந்தது என்பதை நிர்வாகம் நினைவில் கொள்ள வேண்டும். 1970-இல் லாஸ் வேகஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ விடுதியில் தொடங்கிய உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி நோ-லிமிட்டில் நடந்துவந்தாலும், சாதாரண அறைகளில் அன்றாடம் நடந்த பண ஆட்டம் பெரும்பாலும் லிமிட்டாகவே இருந்தது. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் இணையத் தகுதிப் போட்டி வழியாக உள்ளே வந்து, 839 பேர் கலந்துகொண்ட அந்த முதன்மைப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். 2006-இல் அதே போட்டியில் 8,773 பேர் ஆடினார்கள். தொலைக்காட்சியில் பார்த்த ‘ஆல்-இன்’ ஆட்டத்தைத் தானும் ஆட வேண்டும் என்று அறைகளுக்குள் வந்த அந்தக் கூட்டத்துக்காகத்தான், பை-இன் (ஆட உட்காரும்போது சிப் வாங்கும் தொகை) உச்சவரம்போடு கூடிய சிறிய நோ-லிமிட் மேசைகள் எங்கும் பெருகின. இன்றும் புதியவர் கேட்பது நோ-லிமிட்டைத்தான். அவரைத் திருப்பி அனுப்பச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் உள்ளே வந்த பின் அவருக்கு என்ன நேர்கிறது என்பதே என் கவலை.

நான் மேற்பார்வையாளராக இருந்த ஓர் அறையில் உங்கள் நிர்வாகம் இப்போது சொல்வதையே செய்தார்கள், நானும் அதற்குத் தலையாட்டினேன். முதல் மூன்று மாதங்கள் காத்திருப்போர் பட்டியல் இரண்டு பக்கங்களுக்கு நீண்டது. லிமிட் மேசைகள் எடுக்கப்பட்ட வாரத்தில், பணி ஓய்வு பெற்ற ஒருவர் வழக்கம்போல் மதியம் வந்தார். நூறு சிப்களோடு உட்கார்ந்து, ஆறு மணி நேரம் ஆடி, இருபதோ முப்பதோ குறைந்தோ கூடியோ எழுந்து போகிறவர் அவர். டீலர்கள் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும். அன்று வேறு வழியில்லாமல் நோ-லிமிட் மேசையில் உட்கார்ந்தார். கையில் ராஜா ஜோடி வந்தது. லிமிட்டில் ஆடுவதுபோலவே, எதிராளி எவ்வளவு தள்ளினாலும் கட்டினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, நூறும் போயிற்று. அவர் கோபப்படவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, “அந்த மேசை இனி கிடையாதா?” என்று மட்டும் கேட்டார். கிடையாது என்றேன். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அவரைப் போன்றவர்கள் ஒவ்வொருவராக நின்ற பின், நோ-லிமிட் மேசைகளில் கெட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த அறையில் பாதி மேசைகள் துணி போர்த்திக் கிடந்தன. அந்தத் தலையாட்டலுக்காக இன்றும் வருந்துகிறேன்.

உங்கள் பழைய வாடிக்கையாளர்கள் சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது. லிமிட் பாதுகாப்பானது என்பது பாதி உண்மை. வரம்பு என்பது ஒரு பந்தயத்துக்குத்தான், ஓர் இரவுக்கு அல்ல. மூன்று பேர் மாறிமாறி ரெய்ஸ் செய்யும் 4-8 மேசையில், தோற்றதை மீட்கும் வெறியோடு விடியும்வரை உட்காருபவர் 500-ஐயும் இழக்கலாம். தொகை பெரிதானால் லிமிட்டும் பெரிதுதான்: 2001-க்கும் 2006-க்கும் இடையே ஆண்டி பீல் என்ற வங்கியாளர் தொழில்முறை ஆட்டக்காரர்களின் குழுவோடு லாஸ் வேகஸில் ஆடிய புகழ்பெற்ற ஆட்டங்கள் லிமிட் ஆட்டங்களே. 2006 பிப்ரவரியில் அந்தக் குழுவைச் சேர்ந்த ஃபில் ஐவியிடம் மூன்றே நாட்களில் அவர் இழந்தது 1 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல். லிமிட் தருவது பாதுகாப்பு அன்று, அவகாசம். எழுந்து போகலாமா என்று ஒருவர் பலமுறை தன்னையே கேட்டுக்கொள்ள அந்த அவகாசம் இடம் கொடுக்கிறது.

சட்டத்தால் வரம்பு வைத்த இடங்களின் அனுபவமும் இதைத்தான் காட்டுகிறது. ஃபுளோரிடாவில் 1997-இல் போக்கர் அறைகள் திறக்கப்பட்டபோது பாட் முழுவதுமே 10 டாலரைத் தாண்டக் கூடாது என்று வைத்தார்கள். அவ்வளவு சிறிய பாட்டிலிருந்து விடுதி தன் கட்டணத்தையும் எடுத்தால் வென்றவருக்கு என்ன மிஞ்சும்? 2003-இல் பந்தயத்துக்கு 2 டாலர் என்றும், 2007-இல் 5 டாலர் என்றும் மாற்றி, 2010 ஜூலையில் வரம்பையே நீக்கினார்கள். கொலராடோவிலும் 1991-இல் 5 டாலராக இருந்த உச்சப் பந்தயம் 2009-இல் 100 டாலராகி, 2021-இல் நீங்கியது. மிகத் தாழ்ந்த வரம்பு ஆடுபவரைக் காப்பதில்லை. அவருடைய பணத்தைச் சிறுகச் சிறுக ரேக்குக்குத் தின்னக் கொடுக்கிறது. ஆகவே வரம்பு இருந்தாலே நல்லது என்று நான் வாதாடவில்லை. எந்த இடத்தில் வரம்பு வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. நோ-லிமிட்டைப் பொறுத்தவரை அது பந்தயத்தின் மீது அல்ல, பை-இன் மீது இருக்க வேண்டும்.

நோ-லிமிட் என்ற பெயரைக் கேட்டதும், வீட்டுப் பத்திரத்தைத் தூக்கி மேசையில் வைப்பதாகப் பலர் கற்பனை செய்கிறார்கள். முறையான எந்த அறையிலும் அது நடக்காது. ஆட்டம் தொடங்கும்போது ஒருவர் முன்னால் மேசைமேல் இருக்கும் பணம் மட்டுமே அந்த ஆட்டத்தில் செல்லும். நடுவில் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட முடியாது. ஆகவே ஒருவர் எவ்வளவு கொண்டு உட்காரலாம் என்பதை நீங்கள் வரையறுத்துவிட்டால், ஓர் ஆட்டத்தில் அவர் எவ்வளவு இழக்கலாம் என்பதையும் பெரும்பாலும் வரையறுத்துவிட்டீர்கள். 1-2 மேசைக்கு 200, அதாவது பெரிய பிளைண்டான 2-ஐப் போல நூறு மடங்கு, போதுமான உச்சம். மேசையில் இருப்பவர்களிலேயே அதிகப் பணம் வைத்திருப்பவருக்கு இணையாகப் பிறரும் வாங்கிக்கொள்ளலாம் என்ற விதியைச் சில அறைகள் வைத்திருக்கின்றன. வெற்றிபெற்றவர் 900 வைத்திருந்தால், தோற்றவர் ஆத்திரத்தில் 900-க்குச் சிப் வாங்கி உட்காருவதற்கு அந்த விதி கதவைத் திறந்துவிடுகிறது. நிர்வாகம் அதைக் கேட்கும்; தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டுக்கும் நடுவே பாட்-லிமிட் உண்டு. எதிராளியின் பந்தயத்தைக் கட்டிய பின் பாட்டில் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் உயர்த்தலாம்: பாட்டில் 30 இருந்து ஒருவர் 10 போட்டால், நீங்கள் 10 கட்டியதும் அது 50 ஆகிறது, மேலும் 50 உயர்த்தலாம், மொத்தம் 60. போக்கரின் இன்னொரு வகையான ஒமாஹா ஆடுபவர்களுக்கு இது பழக்கமானது. ஆனால் ஒவ்வொரு முறையும் டீலர் கணக்குப் போட வேண்டும்; பழகாத டீலர்களை வைத்துக்கொண்டு இதை இப்போதே தொடங்க வேண்டாம்.

டீலர்களைப் பற்றி இன்னும் ஒன்று. லிமிட்டில் டீலர் தவறினால் நான்கோ எட்டோ குறித்த சச்சரவோடு முடியும். நோ-லிமிட்டில் ஒருவருடைய அன்றைய பணம் முழுவதும் அந்தத் தவறின்மேல் நிற்கும். வாயால் சொன்னது கட்டுப்படுத்தும் என்பது, இரண்டு தவணையாகச் சிப்களை முன்னே வைத்து உயர்த்தக் கூடாது என்பது, ஒன்றும் சொல்லாமல் ஒரே பெரிய சிப்பைப் போட்டால் அது எதிராளியின் பந்தயத்துக்கு ஈடு கட்டுவதுதான் (‘கால்’), ரெய்ஸ் அல்ல என்பது, முழு ரெய்ஸுக்குக் குறைவான ஆல்-இன் வந்தால் ஏற்கெனவே ஆடி முடித்தவர் மறுபடி உயர்த்த முடியாது என்பது ஆகியவை ஒவ்வொரு டீலருக்கும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். பயிற்சி முடிந்த டீலர்கள் எத்தனை பேரோ அத்தனை நோ-லிமிட் மேசைகளை மட்டும் திறங்கள். கள்ளச் சீட்டு, கூட்டுச் சதி ஆகியவற்றிலும் இதே விகிதம்தான்: ஓரத்தில் தெரிந்துவிட்ட ஒரே ஒரு சீட்டு லிமிட் மேசையில் சில பந்தயங்களுக்குச் சமம், நோ-லிமிட்டில் ஒருவருடைய முழு அடுக்குக்குச் சமம்.

ஆகவே உங்கள் பத்து மேசைகளில் ஆறை நோ-லிமிட்டாக்குங்கள், நான்கை லிமிட்டாகவே வையுங்கள். கூட்டம் குறைந்த நாட்களில் லிமிட் இரண்டாகச் சுருங்கினாலும், குறித்த நேரத்தில் அது கட்டாயம் நடக்கும் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள். மேசை இருக்குமோ இருக்காதோ என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் பழைய வாடிக்கையாளர் வீட்டைவிட்டே கிளம்பமாட்டார். 1-2 மேசையின் பலகையில் ‘பை-இன் உச்சம் 200, முழுத் தொகையும் ஒரே ஆட்டத்தில் போகலாம்’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள். புதியவர் வந்தால், முதலில் எந்த மேசை என்று அவரிடம் ஒரு நிமிடம் பேச ஒருவரை நிறுத்துங்கள். பணம் எடுக்கும் இயந்திரம் மேசைகளிலிருந்து தள்ளியே இருக்கட்டும். ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் கடன் கொடுப்பதைக் கண்டால் அங்கேயே தடுங்கள். தன்னை உள்ளே விடவேண்டாம் என்று தானாகவே எழுதிக் கொடுத்தவரின் பட்டியலை, மேலிடத்து நண்பர் என்பதற்காகக்கூட மீறாதீர்கள். தோற்றவர் மூன்றாவது முறையாகச் சிப் வாங்க வரும்போது, அவர் அருகில் போய் ஒரு தேநீர் வேண்டுமா என்று கேட்கும் பழக்கத்தை மேற்பார்வையாளர்களுக்கு உண்டாக்குங்கள். அந்த இரண்டு நிமிட இடைவெளியில் எழுந்து வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிர்வாகம் பிடிவாதமாக நின்றால், வாதாடிக்கொண்டிருக்காமல் 90 நாள் அவகாசம் கேளுங்கள். அதற்குள் இரண்டு வகை மேசைகளிலும் மணிக்கு எத்தனை ஆட்டங்கள் நடந்தன, எத்தனை ரேக் விழுந்தது, எத்தனை நாற்காலிகள் எத்தனை மணி நேரம் நிறைந்திருந்தன என்பதை ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் குறிக்கச் செய்யுங்கள். கூடவே, முதல் மாதத்தில் வந்தவர்களில் மூன்றாம் மாதத்திலும் வருபவர்கள் யார் யார், அவர்கள் எந்த மேசைக்காரர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். பாட் எவ்வளவு பெரிதாக இருந்தது என்ற பத்தியை அந்தக் குறிப்பேட்டில் வைக்கவே வேண்டாம். 90-ஆவது நாள் அதை நிர்வாகத்தின் மேசையில் வைத்து, அதன்பின் முடிவெடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மூடத்தான் சொல்கிறார்கள் என்றால், உங்கள் மறுப்பை எழுத்தில் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு லிமிட் மேசையையாவது மதிய நேரத்துக்குக் கேட்டு வாங்குங்கள்.